கஞ்சாவுக்கென்றே உடம்பில் ஓர் அமைப்பு இருக்கிறதா? எண்டோகன்னாபினாய்ட் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 கருவிழி

வணக்கம். நண்பர்கள் குழுவில் ஒரு காணொளி சுற்றிக்கொண்டிருக்கிறது. "மூளையில் கஞ்சாவுக்கென்றே தனி ஏற்பிகள் (அணுக்களின் மேல் ஒரு பொருள் ஒட்டும் இடங்கள்) இருக்கின்றன, ஆகவே அது உடம்புக்குத் தேவையான பொருள்" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். ஏற்பி இருப்பது உண்மைதான் என்று தேடிப் பார்த்ததில் தெரிந்தது. அதை வைத்து "தேவை" என்ற முடிவுக்கு எப்படிப் போகிறார் என்பதுதான் புரியவில்லை. என் தம்பி அதை அப்படியே நம்புகிறான். அவனிடம் உட்கார்ந்து பேசச் சரியான விவரம் வேண்டும். பயமுறுத்தலும் வேண்டாம், விளம்பரமும் வேண்டாம்.

#2 நரம்புமுடிச்சு

நரம்பியல் பாடம் நடத்துகிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்பி கஞ்சாவுக்காக வந்ததல்ல. முதுகெலும்புள்ள விலங்குகள் அனைத்திலும் அது இருக்கிறது. முதுகெலும்பில்லாத சில எளிய கடலுயிர்களில்கூட அதற்கு உறவான மரபணு உண்டு. 50 கோடி ஆண்டுக்குக் குறையாத பழைய ஏற்பாடு இது. கஞ்சாச் செடி தன் நெருங்கிய உறவான ஹாப்ஸ் கொடியிலிருந்து பிரிந்ததே ஏறக்குறைய 2.8 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஏற்பி முந்தியது, செடி பிந்தியது.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், கண்டுபிடிப்பு நடந்த வரிசை தலைகீழ். 1964-ல் இஸ்ரேலில் ரஃபாயெல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைச் சொன்னார்கள். காவல்துறை பறிமுதல் செய்து வைத்திருந்த ஐந்து கிலோ ஹஷீஷை (கஞ்சாப் பிசினை) வாங்கிக்கொண்டு மெக்கூலம் பேருந்தில் ஆய்வகத்துக்குத் திரும்பினார் என்பது அவரே பலமுறை சொன்ன கதை. அந்தப் பொருள் உடம்பில் எதைப் பிடித்து வேலை செய்கிறது என்று தெரிய அப்புறம் கால் நூற்றாண்டு ஆனது. 1988-ல் அமெரிக்காவில் ஆலின் ஹௌலெட்டும் வில்லியம் டிவேனும் எலி மூளையில் ஏற்பி இருப்பதை நிறுவினார்கள். 1990-ல் அதன் மரபணு கிடைத்தது. அதைத்தான் சி.பி.1 என்கிறோம்.

ஒரு செடிச் சரக்குக்காக மூளை இத்தனை ஏற்பிகளைச் சுமந்துகொண்டிருக்காது, உடம்பே சுரக்கும் ஏதோ ஒன்று அதில் போய் ஒட்ட வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் தேடத் தொடங்கினார்கள். 1992-ல் டிவேன், லூமிர் ஹானுஷ், மெக்கூலம் குழு பன்றி மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தது: ஆனந்தமைட். 1993-ல் சி.பி.2 என்ற இன்னொரு ஏற்பி வந்தது. இது பெரும்பாலும் நோயெதிர்ப்பு அணுக்களில் இருப்பது. 1995-ல் இரண்டாவது உட்பொருளான 2-ஏஜியை மெக்கூலம் குழுவும் ஜப்பானில் சுகியுரா குழுவும் தனித்தனியே கண்டுபிடித்தன. மூளையில் ஆனந்தமைடைவிட இதுதான் பல மடங்கு அதிகம்.

ஆக எண்டோகன்னாபினாய்ட் அமைப்பு என்பது ஏற்பிகள், அவற்றில் ஒட்டும், உடம்பே ஆக்கும் இந்தக் கொழுப்புப் பொருள்கள் (இவைதான் எண்டோகன்னாபினாய்டுகள்), இவற்றை ஆக்கவும் அழிக்கவும் இருக்கும் நொதிகள், மூன்றும் சேர்ந்தது. காணொளிக்காரர் முதலாவதை மட்டும் பேசுகிறார். என் கணக்கில் மூன்றாவதுதான் முக்கியம், அதாவது அழிக்கும் நொதி. ஏன் என்று யாராவது கேட்டால் தனியாக எழுதுகிறேன்.

#3 தேனடை

கேட்கிறேன் சார். அதோடு இன்னொன்று. இந்த அமைப்பில் சமிக்ஞை "பின்னோக்கிப் போகும்" என்று எங்கோ படித்தேன். நரம்புச் செய்தி ஒரு திசையில்தானே போகும்?

#4 நரம்புமுடிச்சு

இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து சேரும்.

ஒரு நரம்பணுவின் முனை, அடுத்த நரம்பணு, நடுவே மயிரிழையைவிடப் பல ஆயிரம் மடங்கு குறுகிய இடைவெளி. முதல் அணு ஒரு ரசாயனத்தை விடுகிறது, இரண்டாவது அதை வாங்கிக்கொள்கிறது. நீங்கள் சொன்ன ஒரே திசை இதுதான். இப்போது முதல் அணு விடாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது என்று வையுங்கள். வாங்குகிற அணுவுக்குள் கால்சியம் ஏறும். ஏறியதும் அது தன் சவ்விலுள்ள கொழுப்பையே வெட்டி, அந்த நொடியிலேயே 2-ஏஜி தயாரிக்கிறது. மற்ற நரம்புச் செய்திப் பொருள்களைப் பைகளில் அடைத்துச் சேமித்து வைப்பதுபோல இதை வைப்பதில்லை. தேவை வந்தால்தான் தயாரிப்பு. அது இடைவெளியைத் திரும்பக் கடந்து, அனுப்பிய அணுவின் முனையில் இருக்கும் சி.பி.1-ஐத் தொடுகிறது. அங்கே கால்சியம் நுழையும் வாசல் குறுகுகிறது, ரசாயனம் வெளியேறுவது குறைகிறது. "போதும், குறைத்துக்கொள்" என்று வாங்கியவன் அனுப்பியவனுக்குச் சொல்வது இது. 2001-ல் மூன்று குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதைக் காட்டின.

பிறகு என்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். அனுப்பும் முனையிலேயே மாக்லைப்பேஸ் என்ற நொதி காத்திருக்கிறது, 2-ஏஜியைத் துண்டாக்கிவிடும். ஆனந்தமைடை அழிக்க வேறொரு நொதி, எஃப்.ஏ.ஏ.எச். என்பார்கள், சுருக்கமாக ஃபா. 2-ஏஜி போட்ட இந்தத் தற்காலிகத் தடையின் ஆயுள் சில பத்து வினாடிகள். பக்கத்து இணைப்புக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

டி.எச்.சி.யை இந்த நொதிகளால் தொட முடியாது. கல்லீரல்தான் அதை மாற்ற வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும். அதுவரை மூளையில் சி.பி.1 எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம், கேட்ட இடம் கேட்காத இடம் என்ற பேதமில்லாமல், அது ஒட்டிக்கொண்டிருக்கும். வாடிய ஒரு செடிக்கு ஒரு குவளை நீர் ஊற்றுவது உடம்பின் வழி. தோட்டம் முழுவதையும் வெள்ளத்தில் முக்குவது டி.எச்.சி.யின் வழி. கருவிழி, உங்கள் தம்பியிடம் ஒன்றே ஒன்று சொல்ல முடியும் என்றால் இதைச் சொல்லுங்கள். ஒட்டுமிடம் ஒன்றாக இருக்கலாம். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் என்ற மூன்றும் வேறு.

கஞ்சாவின் விளைவுகளை அந்த வெள்ளம் எங்கெங்கே பாய்கிறது என்று பார்த்தே விளக்கிவிடலாம். ஹிப்போகாம்பஸில் பாய்ந்தால் சற்று முன் பேசியது மறக்கும். சிறுமூளை, அடித்தள முடிச்சுகள் என்றால் தள்ளாட்டம், எதிர்வினைத் தாமதம். வண்டி ஓட்டக் கூடாது என்பது இதனால்தான். ஹைப்போதாலமஸ் என்றால் பசி. அமிக்டலாவில் அளவைப் பொறுத்து ஒருவருக்கு அமைதி, இன்னொருவருக்குப் பீதி.

#5 அகழ்வான்

நரம்புமுடிச்சு ஐயா, விளக்கம் அருமை. ஆனால் இழை ஒரு பக்கமாகச் சாய்கிறது, மறுபக்கத்தையும் வைக்கிறேன். கஞ்சாவின் மருத்துவப் பயன் கற்பனையல்ல. புற்றுநோய்க் கீமோ சிகிச்சையில் வரும் வாந்திக்கு டி.எச்.சி. மாத்திரை 1985-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. வலிப்புக்கு, கஞ்சாவிலுள்ள இன்னொரு பொருளான சி.பி.டி. இருக்கிறது. அதைவிட முக்கியம், உடம்பில் எண்டோகன்னாபினாய்ட் குறைவதால்தான் ஒற்றைத் தலைவலி, ஃபைப்ரோமயால்ஜியா (உடம்பெங்கும் நீடிக்கும் வலி), குடல் எரிச்சல் நோய் வருகின்றன என்று ஈதன் ரூசோ என்ற மருத்துவர் எழுதியிருக்கிறார். குறைவு இருந்தால் வெளியிலிருந்து கொடுப்பதில் என்ன தவறு? தைராய்டு குறைந்தால் ஹார்மோன் தருகிறோமே. இன்னொன்று, ஓபியம் வகைகளைப் போல இது மூச்சை நிறுத்திக் கொல்வதும் இல்லை.

#6 மருந்துப்பெட்டி

அகழ்வான், மருந்துப் பயன் உண்மை, அதை யாரும் மறுக்க வேண்டாம். நான் மருந்தாளுநர், என் மேசைக்கு வரும் கேள்விகளை வைத்தே பேசுகிறேன்.

1985-ல் அனுமதி பெற்றவை ட்ரோனபினால் (செயற்கையாகச் செய்த டி.எச்.சி.), அதை ஒத்த நாபிலோன் இரண்டும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயில் தசை இறுகுவதற்கு நாபிக்சிமால்ஸ் என்ற வாய்த்தெளிப்பான் 2010-ல் பிரிட்டனில் வந்தது. சுத்திகரித்த சி.பி.டி. 2018 ஜூனில் அமெரிக்காவில் டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரண்டு கடும் வலிப்பு நோய்க்குறிகளுக்கு அனுமதி பெற்றது. இவை எல்லாவற்றிலும் பொருள் என்ன, எத்தனை மில்லிகிராம், யாருக்கு, எதற்கு என்று அறுதியிட்டுச் சொல்லப்பட்டிருக்கிறது.

சி.பி.டி.யைத் தனியாகப் பார்க்க வேண்டும். அது சி.பி.1-இல் டி.எச்.சி. ஒட்டுமிடத்தில் சரியாக ஒட்டுவதே இல்லை. வேறோர் இடத்தில் இருந்துகொண்டு அந்த ஏற்பியின் வேகத்தைச் சற்றுக் குறைக்கிறது. போதை இல்லாததற்குக் காரணம் அதுதான். வலிப்பை அடக்கும் வேலை பெரும்பாலும் இந்த ஏற்பிகளுக்கு வெளியே நடப்பதாகவே தெரிகிறது. ஆகவே "சி.பி.டி. வலிப்பைக் குறைக்கிறது, எனவே எண்டோகன்னாபினாய்ட் குறைபாடு" என்று முடிச்சுப் போட முடியாது.

அளவைப் பாருங்கள். வலிப்புக்குத் தொடங்குவதே ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 5 மில்லிகிராம். பிறகு 10, தேவைப்பட்டால் 20. இருபது கிலோ குழந்தைக்கு நாளுக்கு 200 முதல் 400 மில்லிகிராம் ஆகிறது. சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு வேளைக்குப் பத்து, இருபது மில்லிகிராம் எடுத்துக்கொண்டு அதே பலனை எதிர்பார்க்கிறார்கள். மறுபுறம், சாதாரண எண்ணெய்தானே என்று மற்ற மருந்துகளோடு கலப்பவர்களும் உண்டு. சி.பி.டி. கல்லீரல் நொதிகளைத் தடுக்கும். குளோபசாம் என்ற வலிப்பு மருந்து எடுப்பவருக்கு அதன் செயல்படும் வடிவம் ரத்தத்தில் மூன்று மடங்காகலாம், தூங்கி விழுவார்கள். இன்னொரு வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் கல்லீரல் நொதி எண்கள் ஏறும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு ரத்தம் உறையும் நேரம் மாறிப்போகும். இதைச் சொல்லாமல் குப்பியை விற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

குறைபாட்டுக் கருத்துக்கு வருகிறேன். ரூசோ 2004-ல் எழுதியது ஒரு கருதுகோள். யோசிக்கத் தகுந்ததுதான். ஆனால் தைராய்டுக்கு இருப்பதுபோல ரத்தத்தில் அளந்து "உனக்குக் குறைவு" என்று சொல்லும் பரிசோதனை இதற்குக் கிடையாது. சில வினாடிகள், ஒரே ஓர் இணைப்பில் நடக்கும் விஷயத்தைக் கையிலிருந்து எடுக்கும் ரத்தம் எப்படிக் காட்டும்? தைராய்டு ஒப்பீடு இங்கேயே நின்றுவிடுகிறது.

#7 தேனடை

அப்படியானால் வெளியிலிருந்து ஊற்றுவதற்குப் பதிலாக அழிக்கும் நொதியைத் தடுத்துவிட்டால் என்ன? உடம்பு தயாரித்ததே தேவையான இடத்தில் கூடுதல் நேரம் நிற்குமே.

#8 நரம்புமுடிச்சு

தேனடை, மருந்துத் துறை இதே யோசனையில்தான் பல ஆண்டு உழைத்தது. நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. ஸ்காட்லாந்தில் ஒரு பெண்ணுக்கு வாழ்நாள் முழுவதும் வலியே சரியாகத் தெரியாமல் இருந்திருக்கிறது, பதற்றமும் மிகக் குறைவு. 2019-ல் அவருடைய மரபணுவை ஆராய்ந்தபோது ஃபா நொதியின் செயல் குறைந்து ஆனந்தமைட் அதிகமாக இருந்தது தெரிந்தது. அடிக்கடி மறதி இருந்ததும் பதிவாகியிருக்கிறது.

ஆனால் மருந்தாகச் செய்தபோது நடந்தது வேறு. மூட்டுத் தேய்மான வலிக்கு ஒரு ஃபா தடுப்பானைச் சோதித்தார்கள். ரத்தத்தில் ஆனந்தமைட் நன்றாக ஏறியது, வலி குறையவில்லை. 2012-ல் அதை வெளியிட்டார்கள். 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் பி.ஐ.ஏ. 10-2474 என்ற இன்னொரு ஃபா தடுப்பானை ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்த சோதனையில் ஆறு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். குறிவைக்காத வேறு சில நொதிகளையும் அது முடக்கியது என்று அடுத்த ஆண்டு ஓர் ஆய்வு காட்டியது. ஆக அந்தச் சோகத்தை ஃபா மீதே போட முடியாது. ஆனாலும் துறை அதிர்ந்துபோனது.

எதிர்த்திசையிலும் ஒரு பாடம் இருக்கிறது. கஞ்சா பசியைத் தூண்டுகிறது, எனவே சி.பி.1-ஐ அடைத்தால் எடை குறையும் என்று ரிமோனபாண்ட் என்ற மருந்து செய்தார்கள். 2006-ல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது, எடையும் குறைந்தது. ஆனால் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடின. 2008 அக்டோபரில் விற்பனையை நிறுத்திவைத்தார்கள். இந்த அமைப்பு அன்றாடம் நம் மனநிலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு மனிதர்களிடமே கிடைத்த வலுவான ஆதாரம் அதுதான். பிறந்த அன்றே எலிக்குட்டிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது அவை பால் குடிக்கவே இல்லை, சில நாளில் இறந்தன. தாய்ப்பாலில் 2-ஏஜி இருப்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

#9 இரவுப்பணி

அவசரப் பிரிவில் செவிலியர். அகழ்வான் சொன்ன "மூச்சை நிறுத்தாது" என்பது பெரியவர்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. மூச்சை நடத்தும் கீழ் மூளைத்தண்டில் சி.பி.1 மிகக் குறைவு. ஆனால் அதையே "ஆபத்தில்லை" என்று படிக்காதீர்கள் தம்பி. தின்பண்டத்தில் கலந்ததைச் சின்னக் குழந்தை எடுத்துத் தின்றுவிட்டால் மயக்கநிலை வரை போகும், மூச்சுக்கு உதவி தேவைப்பட்டவர்களும் உண்டு. வயதானவர்களுக்கு நெஞ்சு படபடப்பு, மயங்கி விழுதல்.

ஆய்வகத்தில் செய்யும் செயற்கை வகைகள் முற்றிலும் வேறு கதை. டி.எச்.சி. ஏற்பியை ஓரளவுக்குத்தான் தூண்டும். ஜே.டபிள்யூ.எச்.-018 போன்றவை முழுதாகத் தூண்டும். அதை ஆராய்ச்சிக்காக ஜான் ஹஃப்மன் ஆய்வகம் செய்தது. 2008-ல் ஜெர்மனியில் "ஸ்பைஸ்" பொட்டலங்களில் அது கண்டுபிடிக்கப்பட்டது. வலிப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, மரணம் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. "கஞ்சா யாரையும் கொன்றதில்லை" என்ற பேச்சை நம்பி இதைத் தொடுபவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

நான் அடிக்கடி பார்ப்பது ஒன்று. இளைஞர், பல ஆண்டுகளாகத் தினமும் புகைப்பவர், விடியற்காலையில் வருவார். நிற்காத வாந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பார். ஸ்கேன் சுத்தம், ரத்தம் சுத்தம். வழக்கமான வாந்தி மருந்தான ஆன்டான்செட்ரான் போட்டால் கேட்காது. அப்போது ஒரு கேள்வி கேட்போம்: "வெந்நீரில் குளித்தால் குறைகிறதா?" தலை நிமிர்ந்து பார்ப்பார். வீட்டில் நாளுக்கு ஏழெட்டு முறை கொதிக்கக் கொதிக்கக் குளித்துக்கொண்டிருப்பார், சிலருக்குத் தோலே சிவந்திருக்கும். 2004-ல் ஆஸ்திரேலியாவில் முதலில் விவரித்த நோய்க்குறி இது. வயிற்றில் கேப்சைசின் (மிளகாயின் காரப்பொருள்) களிம்பு தடவினாலும் சிலருக்கு அடங்குகிறது. வாந்தியை நிறுத்தும் பொருளே இவர்களுக்கு வாந்தியைத் தருகிறது என்பதை அவர்களே நம்ப மாட்டார்கள். "புகைத்தால்தானே குமட்டல் அடங்குகிறது" என்று வீட்டுக்குப் போய் மறுபடியும் புகைப்பார்கள், திரும்பி வருவார்கள். முழுதாக நிறுத்தினால்தான் தீர்வு, அதுவும் வாரங்கள், மாதங்கள் கழித்து.

#10 அகழ்வான்

செயற்கை வகைகளைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி அக்கா, அவற்றுக்கு நானும் எதிரிதான். ஆனால் தினமும் புகைப்பவரின் கதையை வைத்து, அளவோடு பயன்படுத்தும் வலி நோயாளியை எடைபோடாதீர்கள். முப்பது வயதில் முதுகுவலிக்கு எடுப்பவரும் பதினைந்து வயதில் பொழுதுபோக்காக எடுப்பவரும் ஒன்றல்ல.

#11 நரம்புமுடிச்சு

ஒன்றல்ல என்பதில் உங்களோடு முழுதாக உடன்படுகிறேன். வயதுதான் இதில் பெரிய கோடு. பதின்ம வயதில் மூளை தேவையற்ற இணைப்புகளைக் கத்தரித்துக்கொண்டிருக்கும்; எதை வைப்பது, எதை விடுவது என்பதில் இதே அமைப்புக்கும் பங்கு உண்டு. அந்த நேரத்தில் வெள்ளம் பாய்ச்சுவதைத்தான் பயப்படுகிறோம். ஸ்வீடனில் ராணுவத்தில் சேர அழைக்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்து 1987-ல் வெளியிட்டார்கள். 18 வயதுக்குள் ஐம்பது முறைக்கு மேல் எடுத்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு. மற்றக் காரணிகளைக் கழித்தால் அந்த எண் குறைகிறது, ஆனால் மறைவதில்லை. 2019-ல் ஐரோப்பாவை மையமாகக் கொண்ட ஆய்வில், 10 சதவீதத்துக்குக் குறையாத டி.எச்.சி. உள்ள வீரிய வகையைத் தினமும் எடுப்பவருக்கு உளப்பிறழ்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் டி.எச்.சி. சராசரி 1995-ல் 4 சதவீதம், 2014-ல் 12 சதவீதம். முன்தலைமுறை அனுபவத்தை வைத்து இப்போதைய சரக்கை அளக்க முடியாது. எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு மனநோய் வருவதில்லை என்பதும் உண்மை. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் தள்ளி நிற்பதே நல்லது.

#12 தேனடை

ஓடி முடித்ததும் வரும் அந்த மிதப்பும் இதே அமைப்புதானா?

#13 நரம்புமுடிச்சு

பெரும்பாலும் ஆம். எண்டார்ஃபின், அதாவது உடம்பே சுரக்கும் ஓபியம் போன்ற பொருள், என்றே சொல்லி வந்தார்கள். 2015-ல் எலிகளில் கன்னாபினாய்ட் ஏற்பிகளை அடைத்தபோது ஓடியபின் வரும் அமைதி போய்விட்டது, எண்டார்ஃபின் ஏற்பியை அடைத்தபோது போகவில்லை. 2021-ல் மனிதர்களுக்கு நால்ட்ரெக்ஸோன் கொடுத்து ஓபியாய்ட் ஏற்பிகளை அடைத்து ஓடவிட்டார்கள், மிதப்பு அப்படியே வந்தது, ரத்தத்தில் ஆனந்தமைடும் ஏறியிருந்தது.

#14 கருவிழி

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு தம்பியிடம் இழையைக் காட்டினேன். சண்டை போடாமல் படித்தான். கடைசியில் அவன் கேட்டது, "இப்போது நிறுத்தினால் அந்த ஏற்பிகள் பழைய நிலைக்கு வருமா?" தினமும் எடுக்கிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

#15 இரவுப்பணி

அவன் கேட்டானே, அதுவே பெரிய விஷயம் கருவிழி. வரும். தினமும் வெள்ளம் பாய்ந்தால் அணுக்கள் சி.பி.1-ஐ உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால்தான் முன்பு போதுமாக இருந்தது போதாமல் போகிறது. 2012-ல் மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வில், தினமும் புகைப்பவர்களுக்கு மூளைப் புறணியில் இந்த ஏற்பிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. நான்கு வாரம் அளவுக்கு நிறுத்தியபின் அந்தக் குறைவு ஈடாகியிருந்தது.

முதல் வாரம்தான் கடினம். எரிச்சல் வரும், பசிக்காது, தூக்கம் பிடிக்காது, வியர்க்கும், விசித்திரமான கனவு வரும். இரண்டாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை உச்சம், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். தூக்கமும் கனவும் மட்டும் கொஞ்சம் இழுக்கும். அந்த எரிச்சலில் அவன் பேசுவதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். டி.எச்.சி. கொழுப்பில் தங்கும் பொருள் என்பதால் சிறுநீர்ப் பரிசோதனை சில வாரம் காட்டிக்கொண்டிருக்கலாம், அதைப் பார்த்து மறுபடி எடுத்துவிட்டானோ என்று சந்தேகப்படவும் வேண்டாம். யாரோ துரத்துகிறார்கள், காதில் குரல் கேட்கிறது என்று சொன்னாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தாலோ காத்திருக்காமல் அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் வேறு ஏதாவது மருந்து எடுக்கிறானா என்று இங்கே எழுதுங்கள், மருந்துப்பெட்டி பார்த்துச் சொல்வார்.

#16 மருந்துப்பெட்டி

எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். புகையிலையோடு கலந்து புகைக்கிறானா என்பதையும் கேளுங்கள். அப்படியென்றால் நிகோடின் விலகலும் கூடவே வரும், அதற்குத் தனியாக உதவி தேவைப்படும்.